குதிரையை எடுத்து வெச்சிட்டு ஆடுங்க

ஐப்பசி மழைக்கு கோத்தகிரில கரண்ட் போச்சுன்னா எங்க வீட்ல செஸ் போர்டு வெளிய வந்துரும். அண்ணன் பொண்ணு ஆறாவது படிக்கிறா, ஆடக் கத்துக்கிட்டு ஆறு மாசம் தான் ஆகுது, நான் இருபது வருஷமா ஆடுறேன், நேரா ஆடினா கால் மணி நேரத்துல முடிஞ்சு அவ மூஞ்சி தொங்கிரும். ரேட்டிங்ல, அதாவது ஆட்டத் திறமையைக் காட்டுற எண்ல, 400 வித்தியாசம் இருந்தாலே பத்து கேம்ல (ஜெயிச்சா 1, டிரான்னா அரை பாயின்ட்) சுமார் 9 பாயின்ட் பெரிய ஆளுக்குப் போயிரும்னு கணக்கு. அதுக்காக வேணும்னே தோக்காதீங்க, பசங்க கண்டுபிடிச்சிருவாங்க. காயைக் குறைச்சிட்டு முழு மூச்சா ஆடுங்க.

ஸ்டெப் 1: நல்லா ஆடுறவர் வெள்ளை. பி1 கட்டத்துக் குதிரையை எடுத்து டப்பால போட்டுருங்க (வெள்ளை பக்கத்துலருந்து பாத்தா இடமிருந்து வலமா ஏ முதல் எச், கீழருந்து மேல 1 முதல் 8). அந்தக் குதிரை தான் சி3, பி5ன்னு தாவி வந்து சி7 சிப்பாயை வெட்டி, ராஜாவுக்கு செக் வெச்சுக்கிட்டே ஏ8 யானையையும் பிடிக்கும், புதுசா ஆடுறவங்க அதுல அடிக்கடி மாட்டுவாங்க.

ஸ்டெப் 2: கருப்பு ஆடுறவங்க எஃப்7 சிப்பாயைப் பாத்துக்கோங்க, ஆரம்பத்துல அதுக்கு ராஜா மட்டும் தான் காவல். பிஷப் சி4க்கும் ராணி எச்5க்கும் வந்துட்டா அடுத்தது மேட். உங்க சிப்பாய் இ5லயும் குதிரை சி6லயும் இருந்தா பதறாம ஜி6 தள்ளுங்க. ராணி எஃப்3க்குப் போய் மறுபடி அதே எஃப்7ஐ குறி வைக்கும், அப்ப இன்னொரு குதிரையை எஃப்6ல வெச்சு அடைச்சிருங்க.

ஸ்டெப் 3: இதான் முக்கியம், கருப்பு ஆடுறவங்க சமமா வெட்டு மாத்திக்கிட்டே வாங்க. ராஜாவை விட்டுட்டா ஒரு பக்கத்துக் காய்களோட மதிப்பு மொத்தம் 39 பாயின்ட், சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, அதனால ஆரம்பத்துல 39க்கு 36, வித்தியாசமே தெரியாது. ராணிக்கு ராணி, யானைக்கு யானைன்னு எல்லாம் போயிட்டா 11க்கு 8 ஆயிரும், உங்ககிட்ட ஒரு குதிரை, எதிர்ல வெறும் சிப்பாய்ங்க. போன வாரம் மெழுகுவத்தி வெளிச்சத்துல அவ ராணியை என் ராணிக்கு எதிர்ல கொண்டு வந்து, விரலை எடுக்காம ரொம்ப நேரம் பாத்துட்டு, "மாத்திக்கலாமா சித்தப்பா"ன்னா. எனக்கு வேற வழியே இல்ல. அன்னிக்கு அவ ஜெயிச்சா.

ஸ்டெப் 4: புதுசா ஆடுறவங்க தொடர்ந்து ரெண்டு கேம் ஜெயிச்சாங்கன்னா குதிரையைத் திருப்பி வெச்சிட்டு டைமைக் குறைங்க, அவங்களுக்கு 10 நிமிஷம், நல்லா ஆடுறவருக்கு 3. போன்ல செஸ் க்ளாக் ஆப் போதும், கரண்ட் போறதுக்கு முன்னாடி சார்ஜ் மட்டும் போட்டு வெச்சிருங்க.