மிதவை முதல் சர்வர் வரை ஒரே ஹாஷ் மரம்

மண்டபத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் ஒரு மிதவை கடல்நீரின் வெப்பத்தை 1 எம்பி பதிவாகச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாட்டுப்படகில் உள்ள போன் அதை வாங்கி ராமநாதபுரத்து சர்வருக்கு அனுப்பும். ஹாஷ் என்பது தரவின் 32 பைட் கைரேகை. பதிவைத் துண்டுகளாக (இலைகள்) வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹாஷ் செய்து (தாய்க்கணு) மேலே போனால் கடைசியில் மிஞ்சுவது உச்சிக்கணு; அதிலிருந்து வருவது வேர் ஹாஷ். மிதவை, போன், சர்வர் மூன்றிலும் அது ஒன்றாக வர வேண்டும். அதற்கு மரத்தின் வடிவத்தைப் பதிவின் நீளம் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். 'எட்டு கோர் இருக்கே, எட்டாப் பிரிப்போம்' என்று சர்வர் பக்கம் யாராவது தொடங்கினால் போனில் வேறு விடைதான் வரும்.

இலைக்கு 1024 பைட் வையுங்கள். எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை தரவை 64 பைட் கட்டங்களாக அரைக்கிறது: இறுதி நிரப்பலோடு இலைக்கு 17 கட்டம், தாய்க்கணுவுக்கு 2. அதாவது இலைகளின் வேலையோடு ஒப்பிட்டால் தாய்க்கணுக்களுக்கான கூடுதல் வேலை சுமார் 12 சதவீதம். 8 கேபி இலையில் இது 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஆனால் 8 கேபியும் வந்த பிறகே சரிபார்க்க முடியும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் அது வீண். 1 கேபி இலையைச் சோதிக்க, உச்சி வரை ஏறும் வழியில் மட்டத்துக்கு ஒன்றாக 10 பக்கத்து ஹாஷ், 320 பைட், போதும்.

இலையின் முன்னால் 0, கணுவின் முன்னால் 1 என ஒரு பைட் சேருங்கள். விட்டுவிட்டால், இரு ஹாஷ்களை ஒட்டிய 64 பைட்டையே பதிவு என்று நீட்டி ஏமாற்றலாம். கடைசிக் கட்டத்தில் இடம் மிச்சமிருப்பதால் இதற்குச் செலவே இல்லை. முடிவில் 2, நீளம் (8 பைட்), உச்சிக்கணு மூன்றையும் ஹாஷ் செய்தால் வேர்.

ஜோடியில்லாத கணுவை அப்படியே மேலே ஏற்றுங்கள்; நகலெடுத்து ஜோடி சேர்க்காதீர்கள். பிட்காயினில் 2012-ல் சிவிஇ-2012-2459 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை வந்தது அந்த நகலால்தான்.

மிதவையில் 2 கேபி ரேம் உள்ள அர்டுயினோ ஊனோ என்ற சின்ன கணினிப் பலகை போதும். இலை முழுவதையும் ரேமில் வைக்க வேண்டாம், 64 பைட்டாக ஊட்டுங்கள். ஒவ்வோர் இலை முடிந்ததும் அதன் ஹாஷை ரேமில் ஓர் அடுக்கின் மேல் வைத்து, இலையின் வரிசை எண்ணை (1-லிருந்து) இரும எண்ணாகப் பாருங்கள்: கடைசியில் எத்தனை பூஜ்யமோ அத்தனை முறை அடுக்கின் மேலிரண்டை இணையுங்கள். அடுக்குக்கு அதிகபட்சம் 11 ஹாஷ், 352 பைட். இலை ஹாஷ்களை (32 கேபி) மெமரி கார்டில் எழுதினால்தான் பக்கத்து ஹாஷ்களைப் பிறகு தர முடியும். நீளத்தையும் கையொப்பமிட்ட வேரையும் முதலில் அனுப்புங்கள், இலைகள் பின்னால் வரட்டும்.

சர்வரில் ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் பிராசசர் வசதி) இருந்தால் எட்டு இலைகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம், வடிவம் மாறாது. போனுக்கு ஒரு கோரே தாராளம்.

0, 1, 1023, 1024, 1025, 2049, 3073 பைட் கோப்புகளை மூன்று கருவியிலும் ஓட்டிப் பாருங்கள். 2049-ல் மட்டும் பிசகினால், ஜோடியில்லாத இலையைக் கையாளும் வரியில் தேடுங்கள்.