சூம் வகுப்பில் சுருதி நிற்க

சனிக்கிழமை மாலை 6 மணிக்குச் சூமில் பாட்டு வகுப்பு எடுக்க, கொழும்பு வெள்ளவத்தையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்காருவேன். ரொறன்ரோவில் அப்போது, கோடைகாலமென்றால், காலை 8.30. விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியைப் போட்டு ஸட்ஜத்தை, அதாவது 'ஸ' சுரத்தைப் பிடித்தால் சில நொடிகளில் அங்கிருந்து குரல் வரும்: "ரீச்சர், சுருதி நிண்டிட்டுது." இங்கே என் பக்கத்தில் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இணைப்புத்தான் சரியில்லை என்று நினைத்துப் பெரிய பக்கேஜுக்கு மாறினேன். அப்போதும் சுருதி போய்ச் சேரவில்லை.

காரணம் செயலிக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டி. இது மனிதர் கதைப்பதை மனதில் வைத்துச் செய்தது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று எடுத்துவிடும். மின்விசிறியும் தம்புராவும் அதற்கு ஒன்றுதான். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையைக்கூட சில வேளை நடுவில் மென்றுவிடும், தொடையில் போடும் தாளத்தை விழுங்கிவிடும்.

ஆகவே முதலில் கணினியில் சூமின் செட்டிங்ஸுக்குள் போய், ஓடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதற்குக் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' இருக்கும், அதையும் போடுங்கள். 'எக்கோ கேன்சலேஷன்' (எதிரொலி நீக்கம்) வேண்டாம், எடுத்துவிடுங்கள். வகுப்புத் தொடங்கியதும் திரையின் மேலே ஒரிஜினல் சவுண்ட் 'ஒன்' என்று இருக்கிறதா பாருங்கள். இந்த மாற்றம் நாம் அனுப்பும் ஒலிக்கு மட்டும்தான். பிள்ளையின் குரல் நமக்கு ஒழுங்காக வர, அந்த வீட்டிலும் இதையே செய்யவேண்டும். அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருக்கச் சொல்லி ஒருநாள் அரைமணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

எதிரொலி நீக்கத்தை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் நான் பாடியது அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, மைக்கில் ஏறி, என்னிடமே திரும்பி வரும்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அதன் மைக்கைத் திறந்த கணமே பெரும்பாலானவை தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். அந்த முறையில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் அளக்கப்படுகிறது. மியூசிக் மோடில் 48,000. அளப்பதில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் கேட்கும் என்பது கணக்கு. 'ஸ' என்ற எழுத்தின் சீறல் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், 8,000 தடவை அளக்கும் ஹெட்செட்டில் ஸரிகமவின் முதல் எழுத்தே மழுங்கி 'ஃப' போலக் கேட்கும். என்னிடம் படிக்கும் 9 வயதுப் பிள்ளையை நாக்கு சரியில்லை என்று இரண்டு வாரம் திருத்தினேன். ஹெட்போனை மாற்றியதும் அவளுடைய ஸகாரம் தெளிவாக வந்தது. அன்று எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

இத்தனை ஒலியையும் இணைப்புத் தாங்குமா என்பது கோடெக்கைப் பொறுத்தது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குத்தான் அந்தப் பெயர். 1972இல் தொலைபேசிக்கு வந்த ஜி.711 என்ற கோடெக் நொடிக்கு 64 கிலோபிட் தரவை எடுத்துக்கொண்டு, பேச்சுக்கு மட்டும் போதுமான ஒலியைத் தந்தது. 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் என்ற கோடெக் அதே 64 கிலோபிட்டில் இசையையே நன்றாகக் கொண்டுவரும். பேச்சுக்கு ஸ்கைப்பின் சில்க், இசைக்கு செல்ட் என்று இரண்டு முறைகளை அது ஒன்றாக்கிக்கொண்டது. பிரவுசரில் நடக்கும் அழைப்புகள் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன. சூமின் மியூசிக் மோட் ஒற்றைத் தடத்துக்கு 96 கிலோபிட் வரை போகும். வீடியோவுக்குத் தேவைப்படும் தரவுக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. எனவே ஒலி தடுமாறினால் முதலில் எச்டி வீடியோவை நிறுத்துங்கள். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கணினியில் குத்துங்கள். வைஃபையில் தரவுப் பொதிகள் பிந்தி வருவதால் விழும் வெட்டுகள் குறையும்.

சேர்ந்து பாட மட்டும் முயலவேண்டாம். கொழும்பிலிருந்து ரொறன்ரோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்ச்சேரவே குறைந்தது 70 மில்லிசெக்கன், திரும்ப அதே அளவு. மத்திம காலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில்கூடத் தாளம் விலகிவிடும். நான் ஒரு வரி பாடி நிறுத்த, பிள்ளை பாடட்டும். சுருதியையும் பிள்ளை தன் வீட்டிலேயே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம் அறை. வடிகட்டி போனபின் எல்லாச் சத்தமும் உள்ளே வரும். எங்கள் யன்னலுக்கு அந்தப்பக்கம் மரைன் டிரைவ் வீதி, அதற்கப்பால் ரயில் பாதை. தடித்த திரை போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று பக்கவாட்டில் வைத்தேன். ரயில் வரும்போது நிறுத்திவிட்டுத் தொடருவோம்.

எல்லாம் சரியா என்று பார்க்க, இன்னொரு போனில் அதே வகுப்புக்குள் நுழைந்து, அதைப் பக்கத்து அறையில் ஒருவரிடம் ஹெட்போனுடன் கொடுத்துவிட்டு, சுருதியோடு ஒரு நிமிடம் நீட்டிப் பாடுங்கள். பிள்ளைகள் பாடி அனுப்பும் பதிவுகளை வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்காதீர்கள். போனில் பதிந்து, டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பச் சொன்னால் பாடியது அப்படியே வரும்.