பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: அமெரிக்கக் கால்பந்து பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறே பந்தைப் பார்ப்பதுதான். சிரிக்காதீர்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து வந்த அடுத்த இரண்டு, மூன்று வினாடிகளில் அந்த முயற்சி தேறுமா தேறாதா என்பது, பாய்ந்து வரும் எதிராளிகளைத் தடுக்க அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர் கையில் இருக்கிறது, இவர்கள்தான் தடுப்பு வரிசை. நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள், ஆளுக்கு 140 கிலோ பக்கம். பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் பந்தைத் தொடுவதே கிடையாது, அதனால் கேமராவும் அவர்களைத் தேடிப் போகாது. தாக்குதல் சொதப்பினால் திட்டு முழுக்கக் குவார்ட்டர்பேக்குக்கு.

2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது சீசனின் இறுதிப் போட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் கேன்சஸ் சிட்டி அணி டாம்பா பேயிடம் 31-9 என்று தோற்றது, ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) இல்லை. "மஹோம்ஸுக்கு அன்றைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். நடந்தது வேறு. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் சீசன் நடுவிலேயே ஒதுங்கிவிட்டார், இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு அரையிறுதியில் குதிகால் தசைநார் அறுந்தது. சரி, ஃபிஷர் இடத்தில் ஒருவரைப் போட்டால் போதாதா? அதற்காக, ஷ்வார்ட்ஸுக்குப் பதிலாக ஆடிக்கொண்டிருந்த வலது டேக்கிளை இடதுக்குக் கொண்டுவந்தார்கள், வலது கார்டை வலது டேக்கிளாக்கினார்கள், கார்டு இடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் வந்தார். போனது ஒருவர், மாறியது மூன்று இடம்.

விளைவு, மஹோம்ஸ் அன்று எதிராளிகளிடம் 29 முறை நெருக்கடிக்கு ஆளானார். நான்காவது கால்பகுதியில் ஒரு காட்சி: விழுந்துகொண்டே, உடம்பு தரைக்கு இணையாக அந்தரத்தில் இருக்க, பந்தை எறிகிறார், அது நேரே சக வீரர் டாரல் வில்லியம்ஸின் முகக்கவசத்தில் பட்டுக் கீழே விழுகிறது. அதைவிட நல்ல எறி அந்த நிலையில் யாராலும் எறிய முடியாது, ஆனால் கணக்கில் அதுவும் ஒரு தவறிய பாஸ், அவ்வளவுதான்.

இதிலேயே இன்னொரு தவறும் இருக்கிறது: சாக் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. கையில் பந்தோடு குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தால் அது சாக். அந்த ஆட்டத்தில் மஹோம்ஸ் வாங்கிய சாக் மூன்றுதான். எண்ணை மட்டும் பார்ப்பவர் "பரவாயில்லையே" என்பார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை எந்தப் பட்டியலில் தேடுவது? எல்லா சாக்கையும் தடுப்பு வரிசையின் தலையில் கட்டுவதும் சரியில்லை, பந்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நிற்கும் குவார்ட்டர்பேக்குகளும் உண்டு.

நல்ல ஆட்களை வாங்கிப்போட்டால் உடனே சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஒரு கனவு. சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 2021 வழக்கமான சீசனில் 51 சாக் வாங்கினார், பிறகு டென்னசியுடன் ஆடிய ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் மட்டும் 9 (அதிலும் ஜெயித்தார், அது தனிக் கதை). அடுத்த வருடம் ஐந்து பேரில் நான்கு பேர் புதுசு. முதல் இரண்டு ஆட்டங்களில் 13 சாக்! பக்கத்தில் நிற்பவர் தான் தடுக்கும் எதிரியை நம்மிடம் எப்போது கைமாற்றிவிடுவார், எதிரி இடம் மாறிப் பாய்ந்தால் யார் யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் கூடவே ஆடிப் பழகித்தான் வரும்.

வரிசை பலவீனமானால் கெடுவது பாஸ் மட்டுமா என்றால், இல்லை, திட்டமே சுருங்கிவிடும். ஐந்து பேர் தடுத்தால் இன்னும் ஐந்து பேர் பாஸ் வாங்க ஓடலாம். அந்த ஐவரால் முடியாதபோது பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கையும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டையும் தடுப்புக்கே நிறுத்த வேண்டிவரும். அப்போது ஓடுவது மூன்று பேர், எதிரணி நான்கு பேரை மட்டும் பாயவிட்டால் அந்த மூவரை மறிக்க ஏழு பேர் இருப்பார்கள். 2025 சூப்பர் பவுலில் பிலடெல்பியா கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பாமலே மஹோம்ஸை ஆறு சாக் எடுத்தது. அன்றைக்கும் கேன்சஸ் சிட்டியின் இடது டேக்கிளாக நின்றவர், ஜோ தூனி, உண்மையில் ஒரு கார்டு. பட்டும் திருந்தவில்லை என்று சொல்லலாமா தெரியவில்லை, நல்ல இடது டேக்கிள் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை.

பந்தைக் கையில் வைத்து ஓடும் ஓட்டத்திலும் இதே கதைதான். ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 2023இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு ஓடியது 962 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 3.9. "ஆள் முடிந்துவிட்டார்" என்றார்கள். 2024இல் பிலடெல்பியா போனார்: 2,005 யார்டு, சராசரி 5.8. கால் அதே கால்தான். முன்னால் டேக்கிள்கள் லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா போன்றவர்கள் வழி திறந்துவிட்டார்கள். இந்த மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர், 2018இல் அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வின் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டபோது இந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியதில்லை.

அப்புறம் அபராதம். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 40 யார்டு பாஸ் போய்ச் சேர்ந்து கூட்டம் எழுந்து கத்திக்கொண்டிருக்கும், பார்த்தால் பின்னால் புல்லில், தவறு நடந்ததைக் காட்ட நடுவர் எறிந்த ஒரு மஞ்சள் துணி கிடக்கும். டேக்கிள் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். பாஸ் செல்லாது, பத்து யார்டு பின்னால் போக வேண்டும். நடுவர் மைக்கைத் தட்டி அவருடைய சட்டை எண்ணைச் சொல்வார், அன்று மாலை முழுக்க அரங்கம் அந்த எண்ணைக் கேட்பது அனேகமாக அந்த ஒரு தடவைதான்.