முதலில் முற்றத்தில் குழி, பிறகு கீழடி: பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி அகழாய்வு

விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் பிள்ளைகளை நேராகக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் வீட்டு முற்றத்தில் மாதிரி அகழாய்வு, பிறகு கீழடி. தானே அளந்து குறித்து உடைந்த பானை ஓடு எடுத்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானை ஓட்டைப் பார்த்து "இது எந்த ஆழத்தில் கிடைத்தது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

தரையைத் தோண்ட வேண்டாம். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயும் செப்டிக் டேங்க் குழாயும் எங்கே போகின்றன என்று யாருக்கும் நினைவிருக்காது. செங்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி, உள்ளளவு 1 மீட்டருக்கு 1 மீட்டர், உயரம் 35 செ.மீ. வரும்படி தொட்டி கட்டுங்கள். அதற்குள் மூன்று மண்ணடுக்குகள், ஒவ்வொன்றும் 10 செ.மீ., அதாவது ஓர் அடுக்குக்கு 100 லிட்டர். கீழே மணல், நடுவில் செம்மண், மேலே தோட்டத்து மண். களிமண் கூடவே கூடாது. காய்ந்தால் கல்லாக இறுகும், பிள்ளைகள் குத்திக் குத்திப் பானை ஓட்டை உடைத்துவிடுவார்கள். செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலப்பது நல்லது. ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நீர் தெளித்து அமர்த்திய பிறகே அடுத்ததைக் கொட்ட வேண்டும்.

பூச்சில்லாத மண்பானை ஒன்றைச் சாக்கில் சுற்றி உடைத்து, துண்டுகளின் கூர்முனைகளைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே அடுக்கில், அருகருகே புதையுங்கள். அப்போதுதான் பின்னர் ஒட்டிப் பார்க்க முடியும். இரண்டு துண்டுகளை மட்டும் புதைக்காமல் எடுத்து வையுங்கள். முழுப் பானை கிடைப்பது அபூர்வம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அதேபோல் தாத்தா, பாட்டி பெயரை ஆணியால் கீறி ஓர் ஓட்டையும் சேர்க்கலாம். மேலடுக்கில் இன்றைய நாணயம் ஒன்று. கீழடுக்கு வரை சிறு பொந்து போட்டு அதில் ஒரு சோடா மூடி. எலிவளை பழைய அடுக்கை எப்படிக் கலைக்கும் என்பதை அது காட்டிவிடும். மொத்தம் 15 பொருளுக்கு மேல் போனால் ஆய்வு புதையல் வேட்டையாகிவிடும்.

சணல் கயிற்றால் நான்கு கட்டங்களாகப் பிரித்து அ1, அ2, ஆ1, ஆ2 என்று பெயரிடுங்கள். சிறிய கொத்தனார் கரண்டி, பெயின்ட் பிரஷ், முறம், 5 மி.மீ. சல்லடை, டேப், நோட்டு போதும். குத்தித் தோண்டக் கூடாது. கட்டம் முழுவதும் சமமாக, ஒரு முறைக்கு 2 செ.மீ. சுரண்ட வேண்டும். பொருள் தட்டுப்பட்டால் கை வைக்காமல் பிரஷால் மண்ணைத் தள்ளி, இரண்டு பக்கக் கயிற்றிலிருந்தும் தூரத்தையும், பிறகு ஆழத்தையும் அளந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்த பிறகே தூக்க வேண்டும். பெரும்பாலும் பிசகுவது ஆழத்தில்தான். மண்ணின் மேற்பரப்பு இறங்கிக்கொண்டே போவதால் அங்கிருந்து அளந்தால் எல்லாமே 2 செ.மீ. ஆழத்தில் கிடைத்ததாகப் பதிவாகும். செங்கல் விளிம்பில் மட்டமாகக் கட்டிய கயிற்றிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

காலை 7 முதல் 10 வரை, இரண்டு நாள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால், காலையில் பெரியவர் ஒருவர் கோலால் விலக்கிப் பார்த்த பிறகே பிள்ளைகள் போகட்டும். அடியில் தேள் ஒதுங்கும்.

கீழடி மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. அங்கே கருப்பு-சிவப்பு ஓடுகளின் முன் நேரம் செலவிடுங்கள். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்தவை அவை. புதைந்த நிலையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூர்தான்; கண்ணாடித் தளத்தின் மேல் நின்று கீழே குழியிலுள்ள முதுமக்கள் தாழிகளை, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகளைப் பார்க்கலாம்.

தொல்லியல் இடங்களில் தரையில் கிடக்கும் ஓட்டைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள். தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். நீங்கள் கீறிய ஓடுகளின் உட்புறத்தில் அழியா மையால் ஆண்டை எழுதிவிடுங்கள்; நாளை வேறு யாரும் அவற்றைப் பழையவை என்று எண்ணக் கூடாது. கனடா, ஆஸ்திரேலியா திரும்புவோர் கரண்டியையும் செருப்பையும் மண் போகக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.