இங்கிலாந்தில் வாடகை வீடு: ஈரச்சுவரையும் குளிர்ந்த ரேடியேட்டரையும் எதிர்கொள்வது

சுவரில் ஈரம் கண்டவுடன் அதைத் துடைப்பதற்கு முன்பாக, அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து படம் எடுத்து வைக்க வேண்டும். மழைக்குப் பின் வெளிச்சுவரில் பெரிதாகும் கறை, பெரும்பாலும் உடைந்த மழைநீர்க் குழாயினாலோ கூரைப் பழுதினாலோ உண்டாவது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை, உப்புப் பூத்து ஏறி நிற்பது நிலத்து ஈரம். இவ்விரண்டும் கட்டடத்தின் குறைகள் என்பதில் வாதத்திற்கு இடமில்லை.

வாதம் எழுவது, வீட்டுக்குள் உண்டாகும் நீராவி குளிர்ந்த இடங்களில் படிந்து, ஜன்னலில் நீராகவும் அலமாரியின் பின்னால் கறுப்புப் பூஞ்சணமாகவும் தோன்றும்போதுதான். “நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள்” என்று வீட்டை வாடகைக்கு விடும் முகவர் உடனே சொல்லிவிடுவார். அதில் ஓரளவு உண்மை உண்டு. சோறு வடிக்கும்போதும் இட்லி அவிக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்தி, காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிடுவதும், அலமாரியை வெளிச்சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும் பயன்தரும். ஆனால் விசிறி வேலை செய்யாத, சுவரில் வெப்பக்காப்பு இல்லாத, ஹீட்டிங் போதாத வீட்டில் குடியிருப்பவர் எவ்வளவு துடைத்தாலும் பூஞ்சணம் திரும்பி வரும். குறைந்த விலையில் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் அளவைக் குறித்து வாருங்கள். அளவு பெரும்பாலும் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தும் பூஞ்சணம் வளர்ந்தால், குறை சமையலில் இல்லை என்று சொல்ல உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கும்.

ஹீட்டிங் நின்றால், முன்பணம் செலுத்தும் மீட்டராயின் அதில் பணம் உள்ளதா என்றும் தெர்மோஸ்டாட் சரியாக வைக்கப்பட்டுள்ளதா என்றும் முதலில் பாருங்கள். நீரைச் சூடாக்கும் பாய்லர் குளிர்ந்திருக்கும்போது, அதன் நீர் அழுத்தமானி பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும்; நீர் நிரப்பிய சில நாட்களிலேயே மீண்டும் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கக்கூடும். ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறிய பின், ரேடியேட்டரின் மேலோரத்திலுள்ள சிறு வால்வை அதற்குரிய சாவியால் மெல்லத் திறந்து, காற்று போய் நீர் வரும்போது மூடிவிட வேண்டும். அடிப்பகுதி குளிர்ந்திருப்பது பெரும்பாலும் சேறு படிந்ததன் அடையாளம். அதற்குப் பொறியாளர் தேவை. கடும் உறைபனியில், பாய்லரின் கழிவுநீரை வெளியே கொண்டுசெல்லும் குழாய் உறைந்து பாய்லர் நின்றால், கொதிநீரை அல்ல, வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றலாம். பாய்லரின் உறையை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது. அது ‘கேஸ் சேஃப்’ (எரிவாயுப் பொறியாளர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவு பெற்றவரின் வேலை.

1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்பகுதியையும் ஹீட்டிங், வெந்நீர் ஏற்பாடுகளையும் பழுதுபார்க்கும் பொறுப்பை, ஏழு ஆண்டுக்கும் குறைவான ஒப்பந்தங்களில், உரிமையாளர் மீதே வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் அது பொதுவாகச் செல்லாது. ஆகவே தொலைபேசியில் பேசியதோடு விட்டுவிடாமல், எந்த அறை, எப்போதிலிருந்து, வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா நோயாளியோ உண்டா என்ற விவரங்களைப் படங்களோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பதில் இல்லையெனில், தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சுற்றுச்சூழல் நலப் பிரிவில் முறையிடலாம். 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்படி வீட்டைப் பார்வையிட்டுத் திருத்த உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. கவுன்சில் வீட்டிலோ வீடமைப்புச் சங்க வீட்டிலோ இருப்பவர்களுக்கு, ராச்டேலில் 2020இல் பூஞ்சணத்தால் உயிரிழந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் துணை நிற்கின்றன. அவற்றின்படி, கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வீட்டு உரிமையாளரான அமைப்பு பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும்; உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்திற்குள் செயல்பட வேண்டும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள். பழுது ஒருபுறம் இருக்க, நிலுவையே உங்களை வெளியேற்றும் வழக்கிற்குக் காரணமாகிவிடும்.