ஒரே சாளரம் இரண்டு முறை திறக்கும்போது: விண்டோஸ் ஃபார்ம்ஸ் நிரலாளருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்துக்கு, விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் கணினிக்கான சாளரங்களை உருவாக்கும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கருவித்தொகுப்பு) சம்பளக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே கிராணியார் (அலுவலக எழுத்தர்) ஒரு தொழிலாளியின் விவரச் சாளரத்தைக் காலையில் திறந்து வைத்துவிட்டு, நடுப்பகலில் பட்டியலில் அதே பெயரை மறுபடியும் சொடுக்கினார். புதிதாக வந்த சாளரத்தில், அன்று வெட்டிய குலைகளின் எண்ணிக்கையை 86-இலிருந்து 96 ஆகத் திருத்திச் சேமித்து மூடினார். அடியில் கிடந்த காலைச் சாளரம் மேலே வந்தது. அதில் வீட்டு எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தார். அந்தச் சாளரம் தன்னிடமிருந்த எல்லாக் கட்டங்களையும் எழுதிவிட்டதால் 96 மீண்டும் 86 ஆயிற்று. பத்துக் குலைக்கான கூலியை இழந்தவர் தொழிலாளி. பிழை முழுவதும் என் நிரலுடையது.

இது நேர்வதற்கான காரணம் எளியது. பொத்தானைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் 'நியூ' கட்டளை புதிய சாளரப் பொருள் ஒன்றை உருவாக்குகிறது. முன்னது திறந்திருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஆகவே, ஒவ்வொரு சாளரத்துக்கும் எத்தனை நகல்கள் இருக்கலாம் என்பதை நிரலாளர் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அமைப்புச் சாளரத்துக்கு ஒன்றே போதும். அறிக்கைச் சாளரங்களை எத்தனை வேண்டுமானாலும் திறக்கவிடலாம். தொழிலாளி விவரம் போன்றவற்றுக்கு ஆளுக்கு ஒன்று என்பதே சரியான விதி.

ஒன்றே போதும் என்னும் இடத்தில், அந்தச் சாளரத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அது வெறுமையாக இருந்தாலோ 'இஸ்டிஸ்போஸ்ட்' (சாளரம் அழிக்கப்பட்டுவிட்டதா என்று சொல்லும் பண்பு) உண்மை என்று சொன்னாலோ மட்டும் புதிதாக உருவாக்குங்கள். 'ஷோ' மூலம் திறந்த சாளரம் மூடப்பட்டதும் அழிக்கப்பட்டுவிடும். அதையே மறுபடி காட்ட முயன்றால் நிரல் பிழையில் நிற்கும். 'ஷோடயலாக்' (மூடும்வரை நிரலின் மற்றச் சாளரங்களைத் தொடவிடாத திறப்பு) அப்படியன்று: மூடினாலும் அந்தப் பொருள் மறைந்துதான் இருக்கும், அதை நாமே 'டிஸ்போஸ்' செய்து அழிக்க வேண்டும்.

ஆளுக்கு ஒன்று என்னும் விதிக்கு, யாருடைய சாளரம் திறந்திருக்கிறது என்று காட்டும் ஒரு பதிவேடு தேவை. 2005-இல் வெளிவந்த டாட்நெட் 2.0 முதல் 'அப்ளிகேஷன்.ஓப்பன்ஃபார்ம்ஸ்' என்னும், திறந்திருக்கும் சாளரங்களின் தொகுப்பு இருக்கிறது. ஆனால் அதில் ஒவ்வொரு சாளரமாகத் தேடி, அது யாருடையது என்று பார்க்க வேண்டியிருப்பதால், தொழிலாளி எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட 'டிக்‌ஷனரி' (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய சாளரத்தைத் தரும் தொகுப்பு) ஒன்றை நாமே வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். திறவுகோலாகப் பெயரையோ சாளரத் தலைப்பையோ வைக்காதீர்கள்; ஒரே பெரட்டில் (காலை ஆளெடுப்பில்) இரண்டு முனியாண்டிகள் நிற்பது தோட்டத்தில் புதிதன்று. இன்னும் சேமிக்கப்படாத புதிய தொழிலாளிக்கு எண் இராது என்பதால், அவருடைய சாளரத்தை முதல் சேமிப்புக்குப் பிறகே பதிவேட்டில் சேர்க்கலாம்.

திறக்கும் வேலை முழுவதும் ஒரே செயற்கூறு வழியாகவே நடக்க வேண்டும். எண் பதிவேட்டில் இருந்தால், சாளரம் சுருக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு 'ஆக்டிவேட்' செய்து முன்னே கொண்டுவாருங்கள். சுருக்கப்பட்ட நிலையைக் கவனிக்காமல் விட்டால், திரையில் எதுவும் நிகழாதது கண்டு கிராணியார் மேலும் நான்கு முறை சொடுக்குவார். எண் பதிவேட்டில் இல்லாவிட்டால் உருவாக்கி, பதிந்து, காட்டுங்கள்.

பதிவேட்டிலிருந்து நீக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மூடுவதற்குச் சற்று முன் வரும் 'ஃபார்ம்குளோசிங்' நிகழ்வில் நீக்கக் கூடாது. "சேமிக்கவில்லை, மூடலாமா?" என்ற கேள்விக்குப் பயனர் 'வேண்டாம்' என்றால் சாளரம் திறந்தே இருக்கும், பதிவேட்டிலோ அது இராது, அடுத்த சொடுக்கில் மறுபடியும் இரண்டாவது நகல் முளைக்கும். மூடுதல் உறுதியான பின் வரும் 'ஃபார்ம்குளோஸ்ட்' நிகழ்வே அதற்குரிய இடம். எல்லாச் சாளரங்களையும் ஒருங்கே மூடும்போது, முதலில் அவற்றைத் தனிப் பட்டியலாக நகலெடுத்துக்கொண்டு அதன்மேல் சுற்றி ஒவ்வொன்றாக மூடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் தொகுப்பிலிருந்தே உறுப்புகளை நீக்குவதைப் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் பொறுத்துக்கொள்ளாது.

நிரல் முடியும்வரை வாழும் பொருளொன்றின் நிகழ்வைச் சாளரம் கேட்டுக்கொண்டிருந்தால், மூடும்போது அந்தத் தொடர்பையும் அறுத்துவிடுங்கள். இல்லையேல் மூடிய சாளரம் நினைவகத்தில் தங்கிவிடும்.

இத்தனையும் ஒரே கணினிக்குள் இயங்கும் ஒரே நிரலுக்குத்தான் காவல். பக்கத்து மேசைக் கணினியிலும் அதே தொழிலாளியைத் திறக்கலாம் அல்லவா? அதற்குத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசைக்கும், திருத்தும்தோறும் மாறும் மாற்ற எண் ஒன்று வேண்டும்; மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரில் 'ரோவெர்ஷன்' அந்த வேலையைச் செய்கிறது. சேமிக்கும் கட்டளையில் தொழிலாளி எண்ணோடு, திறந்தபோது படித்த மாற்ற எண்ணையும் நிபந்தனையாக வையுங்கள். பாதிக்கப்பட்ட வரிசைகள் 0 என்று வந்தால், இடையில் வேறொருவர் திருத்தியிருக்கிறார் அல்லது அந்த வரிசையே நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். திருத்தமாக இருந்தால், எந்த மதிப்பையும் தானாக அழிக்காமல் 86, 96 இரண்டையும் அருகருகே காட்டுங்கள். மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எது சரி என்று கிராணியார் தேர்ந்தெடுக்கட்டும்.