அருஷாவில் இறங்கி சஃபாரி கிளம்புவது எப்படி?

காட்டு விலங்குகளைப் பார்க்க செரங்கெட்டி, ங்கோரோங்கோரோ என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இறங்குவது தான்சானியாவின் அருஷாவில்தான். பலர் ராத்திரி தூங்கி எழுந்து, விடியும் முன் ஜீப் ஏறிவிடுகிறார்கள். நான் சொல்வது, அங்கே ஒரு முழு நாளாவது இருங்கள். சஃபாரி நன்றாக அமைய வேண்டிய வேலை பாதி அந்த ஊரில்தான் நடக்கிறது.

1. மாதம்

ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. தண்ணீர் தேடி விலங்குகள் ஆற்றோரம் கூடும். தரங்கிரி பூங்காவில் யானைக் கூட்டங்களைப் பார்க்க இதுதான் சமயம். வில்டபீஸ்ட் (மாட்டைப் போலத் தெரியும் ஒரு வகை மான்) கன்று ஈனுவதைப் பார்க்க ஆசையா? பிப்ரவரியில் செரங்கெட்டிக்குத் தெற்கே ண்டுட்டு பக்கம் போங்கள். ஏப்ரல், மே பெருமழைக் காலம், முதல் பயணத்துக்கு வேண்டாம்.

2. விசா, ஊசி, பணம்

இ-விசாவை அரசுத் தளத்திலேயே எடுங்கள். வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றக் கொண்டுபோகும் டாலர் நோட்டு புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய நோட்டுகளை வாங்க மாட்டார்கள்.

3. ஊருக்குள்

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து ஊர் சுமார் 50 கிலோமீட்டர். தங்கும் இடத்திலேயே வண்டி அனுப்பச் சொல்லிவிடுங்கள். மணிக்கூண்டு அருகே "சஃபாரி வேணுமா, மலிவா தர்றேன்" என்று கூடவே நடந்து வருவார்கள். சிரித்துக்கொண்டே நகருங்கள், அங்கே நின்று முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள். பகலில் நடக்கலாம், பஜாஜி என்று அவர்கள் சொல்லும் நம்ம ஊர் ஆட்டோவும் உண்டு. இருட்டிய பிறகு டாக்ஸிதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் சோறும் பீன்ஸ் குழம்பும் கேளுங்கள், வலி மஹராகே என்பார்கள். சப்பாத்தியும் எங்கும் கிடைக்கும்.

4. கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. சஃபாரி நிறுவனத்தின் அலுவலகத்துக்கே நேரில் போய், சுற்றுலா உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பூங்காக் கட்டணம் சேர்ந்ததா? ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்கத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் சேர்ந்ததா? 18% வரி? கூரை திறக்கும் வண்டியா, எல்லோருக்கும் ஜன்னலோர சீட்டா? ஒரு கொட்டேஷன் மற்றவற்றைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கும்.

இன்னொன்று: பூங்கா அனுமதி பொதுவாக நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான். மதியம் இரண்டுக்கு நுழைந்தால் மறுநாள் இரண்டுக்குள் வெளியே வர வேண்டும். எந்த கேட்டில் எத்தனை மணிக்கு நுழைகிறோம் என்பதை ஓட்டுநரோடு உட்கார்ந்து முன்பே பேசிவிட்டால், சிங்கம் தென்படும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

5. அந்த ஒரு நாள்

அருஷா தேசியப் பூங்காவுக்குப் போங்கள், பக்கம்தான். சிங்கத்தை எதிர்பார்க்காதீர்கள். துப்பாக்கி ஏந்திய ரேஞ்சரோடு காலாற நடந்தே ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்க்கலாம். மரக்கிளையில் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் வெள்ளை வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும். மோமெல்லா ஏரிகளில் பூநாரைகள் வரும். எனக்கு இந்தப் பூங்கா ரொம்பப் பிடிக்கும்.

6. பை

கறுப்பு, அடர்நீல உடை வேண்டாம், ட்செட்சீ ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். ராணுவ உடை போன்ற துணியும் கூடாது. பிளாஸ்டிக் கேரி பைக்கு 2019 முதல் தடை. ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர் உயரம், விடியலில் நடுக்கும். ஸ்வெட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிளம்பிய பின் வழியில் கரட்டு என்ற ஊர் வரும். ஏடிஎம், மருந்துக்கடை வேலையெல்லாம் அங்கேயே முடித்துவிடுங்கள். ங்கோரோங்கோரோ கேட்டைத் தாண்டினால் மண் ரோடுதான்.